கிளாத்தி மீன் பாடம்

நெய்யூர்,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் ஜெப்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய தயவால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாய் இருக்கிறோம், மாத்திரையும் சாப்பாடும் நேரத்துக்கு நடக்கின்றன, எங்களுக்குள் பேச்சுதான் அறுந்துபோய்க் கிடக்கிறது. நீயும் என் பேத்தி பெபிஷாவும் அந்த ஊர்க் குளிரில் சளி, காய்ச்சல் என்று ஒன்றும் அண்டாமல் இருக்கவேண்டும் என்பதே என் காலை ஜெபமும் மாலை ஜெபமும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். நீ போனை எடுத்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? எங்களுக்குச் சனி காலை, உனக்கு வெள்ளி சாயங்காலம், பிள்ளையின் மீன் வகுப்புக்கு மட்டும் வீடியோவைத் திறந்து அவளை உட்காரவைத்துவிட்டு நீ அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். உன் கையும் வளையலும்தான் எனக்குத் தெரிகின்றன, முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறாய். இன்றைக்கும் அப்படித்தான் போனாய். நீ போன பிறகு வகுப்பில் நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் தெரு ஜெபிஷ் மேற்படிப்புக்கு உன் ஊருக்கே திங்கட்கிழமை விமானம் ஏறுகிறான், நாளைச் சாயங்காலம் வந்து இந்த உறையையும் ஒரு பெட்டியையும் வாங்கிக்கொள்வான். உன் அப்பா காலையில் ரப்பர் விளைக்கு மரம் பார்க்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை, அவர் வருவதற்குள் முடிந்தமட்டும் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தக் குரல் பதிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதைத் தாண்டிப் போக என் கை ஓடாது. உன் மாமனார் யோவானும் உன் அப்பாவும் எப்படிப் பழகுகிறவர்கள் என்று நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சம்பந்தி ஆவதற்கு முன்பே சிநேகிதர்கள், ஆலயத்தில் ஒரே பெஞ்சு, கமிட்டியில் பக்கத்து நாற்காலி. இரண்டு பேருக்கும் போனில் தமிழ் அடிக்கத் தெரியாது, அதனால் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் குரல் அனுப்பிக்கொள்வார்கள், சின்னப் பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிக்கிற மாதிரி. அப்படி ஒரு சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே பேசியதுதான் அது. 'யோவானே, அந்தப் பிள்ளைக்கு அங்க படிப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, இவ இங்கேருந்து மீனக் காட்டுகா, அவ அங்கேருந்து பாத்துட்டு இருக்கா, எல்லாருமாச் சேந்து பிள்ளையக் கெடுத்துப் போடுவாளுவ' என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார், அவ்வளவுதான் அவருக்கு. யோவான் அதைத் தன் மகன் ஸ்டெனிக்கு அனுப்ப, ஸ்டெனி வக்கீலுக்கு அனுப்ப, வக்கீல் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கோர்ட்டில் வைக்க, பெண்ணைப் பெற்றவனே சொல்கிறான் பார் என்று ஆகிவிட்டது. பிள்ளை உன்னோடு இருந்து வீட்டிலேயே படிக்கட்டுமா, ஸ்டெனியோடு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேரட்டுமா என்று அடுத்த மாதம் நீதிபதி சொல்லப்போகிற நேரத்தில் இப்படி வாயைக் கொடுத்து வைத்திருக்கிறார். அது தெரியவந்த அன்றைக்கு நீ போனில் அப்பாகிட்ட சொல்லிருங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாய், எதைச் சொல்ல என்று எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரிந்திருக்காது. அன்றையிலிருந்துதான் உன் அப்பாவுக்கும் எனக்கும் சரியான பேச்சு இல்லை.

காலையில் பள்ளிக்கூடப் பையை எடுத்ததும் அந்தப் பிள்ளை வாந்தி எடுத்ததும், எலும்பும் தோலுமாய்ப் போனதும், யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றதும் நான் வீடியோவில் பார்த்தது. நீ அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் கடல் என்றால் அவள் தலையை நிமிர்த்துகிறாள் என்று நீ சொன்னாய், கணக்கானாலும் வாசிப்பானாலும் கடலை வைத்தே சொல்லிக்கொடுக்கப் போகிறேன், நம் ஊர்க் கடலில் உள்ளதை எல்லாம் தேடி அனுப்பும்மா என்றாய். நான் லேசாக நினைத்துவிட்டேன். குளச்சல் பக்கத்திலேயே இருக்கிறது, தினமும் மீன் தின்கிறோம், இதில் தேட என்ன இருக்கிறது என்று கோட்டாறு கடைத்தெருவுக்குப் போனேன். போட்டித் தேர்வுக்குப் புத்தகம் மலைபோல் இருக்கிறது, கடலுக்கு ஒன்றும் இல்லை. ஒரு கடையில் தூசி தட்டி நீர்வாழ் உயிரினங்கள் என்று ஒரு சார்ட் எடுத்துக் கொடுத்தார்கள், அதில் நீர்யானையும் வாத்தும் இருந்தன, சாளை இல்லை. போனில் தேடினால் பென்குயினும் பனிக்கரடியும் வருகின்றன, நல்ல படமாக இருக்கிறதே என்று தொட்டால் கார்டு நம்பர் கேட்கிறது. நம் அரசாங்கப் பாடப்புத்தகங்களை இறக்கிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, ஆனால் கடல் வந்த வேகத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. பிறகு ஒரு கல்லூரி விலங்கியல் டீச்சரைப் பிடித்தேன், அவள்தான் கடல்குதிரை, பவளம் இதையெல்லாம் கையில் வைத்திருந்தாலே குற்றம் அத்தை, அனுப்பிக்கினுப்பி வைத்துவிடாதீர்கள், இங்கே கிடைக்கிற மீனையே பாடமாக்குங்கள் என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு வழி தெரிந்தது.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? எத்தனை வருஷம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தியவள் நான். பரணிலிருந்து பழைய ஃபிளானல் போர்டை இறக்கினேன், மேலே வெளிச்சக் கடல், நடுவே மங்கல் கடல், அடியில் இருட்டுக் கடல் என்று மூன்று நீலத்தில் துணி தைத்தேன், மீன்களை அட்டையில் வரைந்து வெட்டிப் பின்னால் உப்புத்தாள் ஒட்டினேன், வைத்தால் நிற்கும், எடுத்தால் வரும். யோனாவை விழுங்கிய பெரிய மீன் ஏற்கெனவே இருந்தது, அதையே திமிங்கலமாக்கிவிட்டேன். உன் அப்பா பார்த்துவிட்டு, யோனாவ எங்கட்டீ தொலச்சே என்று கேட்டார், அப்போதெல்லாம் எங்களுக்குள் பேச்சு இருந்தது. வாரம் ஒரு மீன் என்று வைத்துக்கொண்டோம். வாழையிலையில் மீனைக் கிடத்திப் பக்கத்தில் அடிக்கோல் வைத்து, நீளம் அளந்து, செவுளைத் தூக்கிக் காட்டி, வயிற்றைக் கீறி அது என்ன தின்றது என்று பார்த்து, பிள்ளை அங்கே படம் வரைந்து பெயர் எழுதுவாள். அயிலை, வாளை, நெத்தோலி, நவரை, கணவாய், எல்லாம் ஆயிற்று. வகுப்பு முடிந்ததும் பாடத்தைக் கழுவிக் குழம்பு வைத்துவிடுவேன். படிப்பு இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று சொன்ன மனுஷன் அந்தப் பாடத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் தின்றிருக்கிறார் என்பதைக் கோர்ட்டில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

சிரிப்பு இருக்கட்டும். உன் அப்பாவின் பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும், நான் அவர்மேல் எரிந்துகொண்டிருந்தாலும் பொய் எழுதமாட்டேன். ஒன்பதாவது படிக்கும்போது அவருடைய அப்பா பள்ளியை நிறுத்தி ரப்பர் வெட்டக் கத்தியைக் கையில் கொடுத்தார். கூடப் படித்தவர்கள் யூனிஃபார்மில் ரோட்டில் போகும்போது மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன் என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் சொன்னார், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளை என்று கேட்டாலே அந்த மரத்துக்குப் பின்னால் பெபிஷா நிற்கிற மாதிரி அவருக்குத் தோன்றுகிறது. யோவான் பேரிலும் அவருக்குக் கடன் உண்டு, பணக் கடன் இல்லை. போன வருஷம் நெஞ்சுவலி வந்தபோது மழையில் காரை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் இவரைத் தூக்கி இறக்கியவர் அவர்தான். ஆகவே யோவான் ஒன்று கேட்டால் இவருக்கு இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. அந்த யோவான்தான் இப்போது ஒரு கையெழுத்துக் கேட்கிறார்.

புதன்கிழமை யோவான் ஒரு தாள் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் டைப் செய்தது, ஸ்டெனியின் வக்கீல் அனுப்பியது, கீழே உன் அப்பா பெயர் அச்சடித்துக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. குரல் பதிவு மட்டும் போதாதாம், அது மறுத்துப் பேசக்கூடியதாம், கையெழுத்து வேண்டுமாம். காப்பியைக் குடித்துவிட்டு யோவான் என்னைப் பார்க்காமலே பேசினார், 'ரசலே, நம்ம பேத்தி நல்லா இருக்கணும்னுதான, வேற என்ன, ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு நான் வந்து வாங்கிக்கிடுதேன்' என்றார். அவரும் பிள்ளைமேல் பாசம் இல்லாதவர் இல்லை, போகும்போது அவளுடைய பழைய போட்டோவைச் சுவரில் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உன் அப்பா சரி என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் போனதும் நான் அந்தத் தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன், என் பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு அது போதும். பிள்ளைக்கு எந்த முறையான படிப்பும் கிடைக்கவில்லை, இது நான் நேரில் அறிந்த உண்மை என்று எழுதியிருந்தது. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் கிழித்தால் யோவான் வேறு தாள் கொண்டுவருவார், இவர் என்மேல் உள்ள கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்.

அதனால் கிழிக்கவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தபோது தாளை இலைக்குப் பக்கத்தில் வைத்து அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் வாசித்துக் காட்டினேன். நேரில் அறிந்த உண்மை என்று போட்டிருக்கிறதே, நீங்கள் ஒரு வகுப்பாவது நேரில் பார்த்தீர்களா என்று கேட்டேன். மீன் வெட்டுவதைப் பார்க்க வேறு வேண்டுமா என்றார். கேள்விக்குப் பதில் அது இல்லை என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கமிட்டியில் கணக்கு பார்க்காமல் ஒருநாளும் கையெழுத்துப் போடாதவர், அதற்காகவே பத்துப் பேரின் பகையைச் சம்பாதித்தவர், பேத்தி விஷயத்தில் மட்டும் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுப்பாரா என்றேன். அப்போதுதான் கோபம் வந்தது அவருக்கு, எச்சில் கையோடு எழுந்துவிட்டார். 'சனிக்கிழம நான் வந்து பாக்கேன், பாத்துப்போட்டே போடுதேன், அதுக்கப்பறம் நீ வாயத் தொறக்கப்பிடாது' என்றார். சரி என்றேன். பிறகு ஏன் சரி என்றோம் என்று வியாழனும் வெள்ளியும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை வகுப்பில் வேறு முகத்தைக் கண்டால் வாய் திறக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? அவர் வந்து உறுமிக்கொண்டு உட்கார, அவள் தலையைக் குனிந்துகொள்ள, அவர் நேரே போய்ப் பேனாவை எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரைக் கூப்பிட்டு வைத்ததே நான்தான் என்று உனக்கு முன்னால் என்ன முகத்தோடு நிற்பேன்.

காலையில் மீன்கார பிரிஜா வந்தாள். நெய்மீன் ஏதாவது இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று நான் கேட்டிருந்தேன், அவள் கூடையைத் திறந்தால் கிளாத்திதான். உனக்கு ஞாபகம் இருக்குமே, கருநீலமாய், தோல் செருப்புத் தோல் மாதிரி இருக்கும், உரித்துத்தான் சமைப்போம். இன்றைக்கு இதுதான் கிடைத்ததா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. படம் எடுக்கப் போனை நீட்டினேன், 'கைநீட்டம் ஆகல்ல பாத்துக்கிடுங்க, முதல்ல வாங்குங்க, பொறவு படம் எடுங்க' என்று கூடையை மூடிவிட்டாள். முதல் வியாபாரம் ஆகாமல் அவள் எதற்கும் சம்மதிக்கமாட்டாள். வாங்கினேன். அடுக்களை மேடையில் இலை விரித்து, அடிக்கோல் வைத்து, போனை அவர் கையில் கொடுத்தேன், என் கை மீன் கையாக இருக்கும், பிடியுங்கள் என்றேன். வாங்கினார். நீ பிள்ளையை உட்காரவைத்துவிட்டுப் போன கதவுச் சத்தம் அவருக்கும் கேட்டது.

நான் நினைத்தது போலவே பெபிஷா உன் அப்பாவின், அவளுடைய பாட்டாவின், இருமலைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அளந்தேன், நிறம் கேட்டேன், பல்லைத் திறந்து காட்டினேன், கிளாத்திக்குப் பல் சிவந்துதான் இருக்கும், அதற்கும் தலையை நிமிர்த்தவில்லை, பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தோல் உரிக்கப் போனேன். முதுகில் ஒரு தடித்த முள் குத்திட்டு நின்றது, அமுக்கினால் மடங்கவில்லை, கத்தி உள்ளே போக விடவில்லை. நான் எப்போதும் அதை ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் உரிப்பேன். உன் அப்பா பொறுமை இழந்து, 'வெட்டி எறி அத, இதுல என்ன படிப்பு கெடக்கு' என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது, 'வெட்டாதீங்க பாட்டா' என்று. நான் கத்தியோடு நின்றுவிட்டேன். பிள்ளை நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், உன் அப்பாவைத்தான் பார்த்தாள்.

அது லாக், பாட்டா, என்றாள். அவளுடைய தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் விடாமல் சொன்னாள். இந்த மீன் பாறைப் பொந்துக்குள் போய் முள்ளைத் தூக்கிக்கொள்ளுமாம், அப்புறம் யார் வாலைப் பிடித்து இழுத்தாலும் வெளியே வராதாம், பெரிய முள்ளை அமுக்கினால் மடங்காதாம், அதற்குப் பின்னால் ஒரு குட்டி முள் இருக்குமாம், அதுதான் சாவியாம், அதை அமுக்கவேண்டுமாம். உன் அப்பா போனை என் கையில் திணித்தார், என் கையில் கத்தி இருந்ததையும் பார்க்கவில்லை. பெரிய முள்ளை ஒரு விரலால் அமுக்கினார், அசையவில்லை. இரண்டு விரலால் அமுக்கினார். 'அது இல்ல பாட்டா, பின்னால, குட்டி' என்றாள். அதைக் கட்டைவிரலால் தொட்டதும் பெரிய முள் குடை மடங்குகிற மாதிரி மடங்கிப் படுத்துவிட்டது. ஜெப்சி, நான் எத்தனை கிளாத்தி உரித்திருக்கிறேன், அவர் எத்தனை தின்றிருக்கிறார், எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. அவர் முள்ளை மறுபடி தூக்கி நிறுத்தினார், அமுக்கிப் பார்த்தார், மறுபடி குட்டி முள்ளைத் தொட்டார், திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார். பிள்ளை அங்கே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், வாய்விட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு கதவுக்கு அப்பால் உனக்குக் கேட்டதா?

அம்மா சொல்லித்தந்தாளா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். நூலகத்துப் புத்தகத்தில் வேறு நிறக் கிளாத்தி இருந்ததாம், லாக் ஆகும் என்று மட்டும் போட்டிருந்ததாம், எப்படி என்று போடவில்லையாம், போன தடவை பாட்டி வேறு மீனின் முதுகு முள்ளைக் காட்டியதை வைத்து வரைந்து வரைந்து பார்த்தாளாம், பின்னால் ஒரு முள் இல்லாமல் முன்முள் நிற்காது என்று அவளாகவே கண்டுபிடித்தாளாம். தாளைத் தூக்கிக் காட்டினாள், அழித்து அழித்து வரைந்த தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு அவர் கேட்டது சோதனைக் கேள்வி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்போ வலையில் மாட்டினால் இந்த முள்ளால் அதற்குக் கெடுதிதானே, கண்ணியில் சிக்கிக்கொள்ளுமே என்றார். தெரியவில்லை பாட்டா, நீங்கள் பிரிஜா ஆன்ட்டியிடம் கேட்டு அடுத்த சனிக்கிழமை சொல்லுங்கள் என்று அவருக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாள். கடைசியில், பாட்டா நீங்க எதுவரை ஸ்கூல் போனீங்க என்று கேட்டாள், தெரியாமல்தான் கேட்டாள். நெட்வொர்க் போச்சு என்று சொல்லி அவர் போனை அணைத்துவிட்டார். நெட்வொர்க் எங்கும் போகவில்லை.

உன் அப்பா மனம் மாறிவிட்டார், தாளைக் கிழித்துவிட்டார் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், காப்பியும் குடிக்காமல் விளைக்குப் போய்விட்டார். தாள் மேசையில் அப்படியே கிடக்கிறது, அதன்மேல் பேனாவும் கிடக்கிறது. பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார், பார்த்துவிட்டார், இனி நான் வாய் திறக்கக்கூடாது என்பது பேச்சு. நாளை ஆராதனை முடிந்ததும் யோவான் வந்துவிடுவார். கையெழுத்துப் போடாவிட்டால் தன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவரின் முகத்தில் அடித்த மாதிரி, அந்தப் பெஞ்சில் இனிச் சேர்ந்து உட்காரமாட்டார்கள். போட்டால் மகளும் பேத்தியும் போய்விடுவார்கள். அவருக்கும் லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் அதற்காக நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமுடியாது.

உனக்கும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, கோபப்படாதே. நீ செய்வது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எழுதுகிற தமிழில் ஒற்று ஒன்றும் இல்லை, அதைப் பார். வாரம் ஒருநாளாவது மற்றப் பிள்ளைகளோடு அவளை விடு, மீன்கூடக் கூட்டமாகத்தான் போகிறது. ஸ்டெனியைப் பற்றி அவள் காதில் விழப் பேசாதே, அவன் உனக்கு எப்படியோ, அவளுக்குத் தகப்பன். முடிந்தால் ஒரு வகுப்பில் அவனையும் கூப்பிட்டு உட்காரவை. பயமாக இருக்கும், எனக்கும் இன்று காலையில் அப்படித்தான் இருந்தது. பெட்டியில் ஃபிளானல் போர்டையும் மீன்களையும் மடித்து வைத்திருக்கிறேன், வகுப்பு வீடியோக்கள் பென் டிரைவில் இருக்கின்றன. சிப்பி, சோழி ஒன்றும் வைக்கவில்லை, விமான நிலையத்தில் ஜெபிஷ் மாட்டிக்கொள்ளக்கூடாது. யோனாவின் மீன் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஒட்டிக்கொள்.

இந்தக் கடிதத்தை உன் வக்கீலிடம் கொடு. குரலை மொழிபெயர்த்தவர்களுக்கு எழுத்தை மொழிபெயர்ப்பது கஷ்டமா என்ன? அவருக்காக இதைத் திருத்தமாக எழுதுகிறேன். நெய்யூரில் வசிக்கும் ரசல்ராஜ் மனைவி ஞானசெல்வி ஆகிய நான் சொல்வதாவது, என் பேத்தி பெபிஷாவுக்குச் சனிக்கிழமைதோறும் கடல் உயிர்களைப் பற்றி நான் பாடம் நடத்துகிறேன், மற்ற நாட்களில் அவள் தாய் நடத்துகிறாள், பிள்ளை பார்த்து, அளந்து, வரைந்து, கேள்வி கேட்டுப் படிக்கிறாள், இது நான் நேரில் அறிந்த உண்மை. சம்பந்தி வீட்டார் இதைப் படித்து என்ன நினைத்தாலும் சரி, அதற்கு நான் தயார்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம்முடைய செட்டைகளின் நிழலிலே வைத்துக் காப்பாராக, நீ வாசலைத் தாண்டிப் போகும்போதும் உள்ளே வரும்போதும் அவர் கூட இருப்பாராக. கோர்ட்டுக்குப் போகிற அன்று வெறும் வயிற்றோடு போகாதே, பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைத்து வாரிவிடு. கடைசியாக ஒன்று. நம் ஊரில் எந்தப் பத்திரமானாலும் சாட்சி இரண்டு பேர் வேண்டும், அதனால் என் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்றுக்கு இடம் விட்டிருக்கிறேன். இதை ஒட்டாமல் யோவானின் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். எந்த உறையானாலும் பசை தடவி ஒட்டுவது இந்த வீட்டில் அவர்தான், இதையும் அவரே படித்து அவரே ஒட்டி ஜெபிஷ் கையில் கொடுக்கட்டும், நான் பிரித்துப் பார்க்கமாட்டேன். அந்த இடம் வெறுமையாக வந்தால் அதையும் நீ தெரிந்துகொள், மகளே. உன் அப்பாவின் கையெழுத்து உனக்குத் தெரியும்.

சாட்சி 1:
உன் அம்மாவும் பெபிஷாவின் சனிக்கிழமை டீச்சருமான
ர. ஞானசெல்வி

சாட்சி 2:
பிள்ளை படிக்கிறாள். நேரில் கண்டேன். யோவானிடம் நானே சொல்லிக்கொள்வேன்.
அ. ரசல்ராஜ்